பிள்ளையின் கைக்குப் போத்தல் எப்படி வந்தது?

பினாங்குத் தீவில் ஆயர் ஈத்தாம் என்னும் ஊரை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். கேக் லோக் சி புத்தர் கோயிலைக் காணவும், கொடிமலைக்கு ரயில் ஏறவும் தோட்டத்துக் குடும்பங்கள் பஸ் வைத்துக்கொண்டு இங்கே வருவது வழக்கம். வந்தவர்கள் மலையைப் பார்த்து, கோயிலைப் பார்த்து, சந்தைப் பக்கத்தில் எதையாவது சாப்பிட்டுவிட்டுப் பொழுது சாய்வதற்குள் திரும்பிவிடுகிறார்கள். இங்கேயே குடியிருக்கும் நாங்கள், பொழுது சாய்ந்த பிறகு வேறொரு காட்சியையும் பார்க்கிறோம்.

மாலை ஆறரை மணி இருக்கும். அடுக்குமாடி வீடுகளுக்குக் கீழே ஒரு மளிகைக் கடை. பதினான்கு வயதுப் பையன் ஒருவன் வருகிறான். மேலே வீட்டுச் சட்டை. கீழே இன்னும் இடைநிலைப்பள்ளியின் பச்சைக் காற்சட்டை. பணத்தை நீட்டுகிறான். பீர் டின்கள் பைக்குள் போகின்றன. "யாருக்குத் தம்பி?" என்று கடைக்காரர் ஒப்புக்குக் கேட்கிறார். "அப்பாவுக்கு" என்கிறான் பையன். அத்தோடு விசாரணை முடிந்துவிடுகிறது.

நேயர்களே, சில நாட்களில் அது உண்மையிலேயே அப்பாவுக்குத்தான். சில நாட்களில் அப்படி இல்லை. எந்த நாள் எது என்று கடைக்காரருக்கும் தெரியாது, அப்பாவுக்கும் தெரியாது. பையனுக்கு மட்டுந்தான் தெரியும்.

இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் இதுதான். வயது வராத பிள்ளைகளின் கைக்கு மது எப்படி இவ்வளவு சுலபமாகக் கிடைக்கிறது? "இந்தக் காலத்துப் பிள்ளைகள் கெட்டுப் போய்விட்டார்கள்" என்று சொல்லிவிட்டுப் போவது எளிது. ஆனால் பிள்ளை குடிப்பதற்கு முன்னால் போத்தல் அவன் கைக்கு வந்தாக வேண்டும் அல்லவா? அது வந்த வழியை நாம் ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும்.

முதலில் சட்டம் என்ன சொல்கிறது என்று தெரிந்துகொள்வோம். 1985ஆம் ஆண்டின் உணவு ஒழுங்குவிதிகள்தாம் நம் நாட்டில் மது விற்பனைக்கான வயதைக் குறிக்கின்றன. முன்பு அந்த வயது 18 ஆக இருந்தது. 2017ஆம் ஆண்டின் இறுதியிலிருந்து அது 21 ஆக உயர்த்தப்பட்டது. ஆகவே, 21 வயது நிரம்பாத ஒருவருக்கு மதுவை விற்கும் கடைக்காரர் குற்றம் செய்கிறார். வாங்க வந்தவன் யாருக்காக வாங்குகிறான் என்பது இங்கே பேச்சில்லை. "அப்பாவுக்கு" என்ற பதில் சட்டத்தின் முன் செல்லாது.

வயதைக் கண்டுபிடிப்பது கடினமா? இல்லவே இல்லை. பன்னிரண்டு வயதானதும் நம் பிள்ளைகள் அடையாளக் கார்டு எடுக்கிறார்கள். அதன் எண்ணில் முதல் ஆறு இலக்கங்கள் பிறந்த ஆண்டையும் மாதத்தையும் நாளையும் காட்டும். முதல் இரண்டு இலக்கங்களைப் பார்த்தாலே போதும். கூட்டல் கழித்தல் தெரிந்த எந்தக் கடைக்காரரும் ஒரு நொடியில் கணக்குப் போட்டுவிடலாம். கார்டைக் கேட்பதற்கு மனம் வேண்டும்; அவ்வளவுதான்.

அதே காலத்தில் இன்னொரு மாற்றமும் வந்தது. நம் மக்கள் சம்சு என்று சொல்லும் மலிவான சாராயத்தைப் பற்றியது அது. முன்பெல்லாம் 150 மில்லிலிட்டர் சிறு போத்தல்களில் சம்சு விற்றது. விலை சில வெள்ளிதான். சட்டைப் பையில் அடங்கும். பள்ளிப் பையில் ஒளிந்துகொள்ளும். பள்ளிக்குக் கொண்டுபோகும் காசே அதற்குப் போதுமானதாக இருந்தது. பினாங்குப் பயனீட்டாளர் சங்கம் போன்ற அமைப்புகள் இந்த மலிவுச் சாராயத்தை எதிர்த்துப் பல ஆண்டுகள் குரல் கொடுத்தன. பின்னர், இவ்வகைச் சாராயத்தை 700 மில்லிலிட்டருக்குக் குறையாத கண்ணாடிப் போத்தலில்தான் விற்க வேண்டும் என்று விதி வந்தது. 2021ஆம் ஆண்டில் கோலாலம்பூர் மாநகர மன்றம், மளிகைக் கடைகளிலும் சீன மருந்துக் கடைகளிலும் கடுமையான மது வகைகளை விற்கத் தடை விதித்தது.

இவை நல்ல விதிகள். ஆனால் விதி ஒரு கதவை மூடினால் பழக்கம் இன்னொரு கதவைத் தேடுகிறது. பெரிய போத்தல் வாங்க ஒரு பையனிடம் பணம் இல்லை என்றால், நான்கு பையன்கள் பணம் சேர்க்கிறார்கள். முன்பு ஒருவன் தனியாக ஒளிந்து குடித்தது போய், இப்போது நான்கு பேர் ஒரு போத்தலைச் சுற்றி உட்காருகிறார்கள். நடுவில் வைத்த போத்தலைக் காலி செய்யாமல் எழுந்திருப்பது அவர்களுக்குக் கௌரவக் குறைச்சலாகத் தோன்றுகிறது. பீர் டின்னுக்கோ இந்த அளவு விதியும் கிடையாது.

சரி, போத்தல் வரும் வழிகளுக்கு வருவோம்.

முதல் வழி நம் வீட்டு வாசலிலிருந்தே தொடங்குகிறது. பிள்ளையைக் கடைக்கு அனுப்புவதைத்தான் சொல்கிறோம். இதைச் சொல்லும்போது எங்களுக்கே நெஞ்சு உறுத்துகிறது. எங்களில் பலர் தோட்டத்து லயங்களில் பிறந்தவர்கள். மாலை வேளையில் கையில் போத்தலைக் கொடுத்து, "ஓடிப்போய் வாங்கி வா" என்று கள்ளுக்கடைக்கு அனுப்பப்பட்டவர்கள். திரும்பி வரும் வழியில், பால்மரங்களுக்கு இடையில் நின்று, மூடியைத் திறந்து ஒரு வாய் ருசி பார்த்தவர்களும் எங்களில் உண்டு. குறைந்தது தெரியாமல் இருக்கத் தண்ணீர் கலந்ததும் உண்டு. வளர்ந்த பிறகு இதை ஒரு வேடிக்கைக் கதையாகச் சொல்லிச் சிரித்தோம். பிறகு, தோட்டம் விற்கப்பட்டு, அடுக்குமாடி வீட்டுக்குக் குடிவந்து, நாங்களும் எங்கள் பிள்ளைகளின் கையில் பணத்தைக் கொடுத்துக் கீழ்க்கடைக்கு அனுப்பினோம். அப்போது அது வேடிக்கையாகத் தெரிந்தது. இப்போது தெரியவில்லை.

ஏன் என்றால், அப்படி அனுப்பும் ஒவ்வொரு முறையும் பிள்ளை மூன்று பாடங்களைப் படிக்கிறான். எந்தக் கடையில் கேள்வி கேட்கமாட்டார்கள் என்பது முதல் பாடம். என்ன பதில் சொன்னால் போதும் என்பது இரண்டாவது. மது என்பது அரிசி, மண்ணெண்ணெய் போல வீட்டுக்கு வேண்டிய ஒரு சாமான் என்பது மூன்றாவது. பிறகு ஒருநாள் அவன் தனக்காகவே வாங்கப் போகும்போது, வழியும் பதிலும் நாம் சொல்லிக் கொடுத்தவையாக இருக்கின்றன.

இரண்டாவது வழி, வயது வந்த கூட்டாளி. இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயது இளைஞர் ஒருவர், வேலைக்குப் போகிறார், மோட்டார் சைக்கிள் வைத்திருக்கிறார். பள்ளிப் பையன்களுக்கு அவர் ஒரு கதாநாயகன். "அண்ணே, ஒண்ணு வாங்கிக் கொடுங்க" என்றால் வாங்கிக் கொடுத்துவிடுகிறார். கெட்ட எண்ணம் என்று சொல்ல முடியாது. தம்பிகளுக்கு உதவி செய்வதாகவே நினைக்கிறார். இங்கே பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளில் தாயும் தந்தையும் மாறி மாறி ஷிப்டு வேலைக்குப் போகும் வீடுகள் நிறைய. பெற்றோர் வீட்டில் இல்லாத நேரத்தில் பையனுக்குத் துணையாக இருப்பது இந்த அண்ணன்மார்கள்தாம்.

மூன்றாவது வழி, நம் விசேஷங்கள். பிறந்தநாள், காதுகுத்து, கல்யாணம், கருமாதி என்று எதுவானாலும் பந்தலுக்குப் பின்னால் ஒரு மேசை போடப்படுகிறது. யார் ஊற்றுகிறார்கள், யார் குடிக்கிறார்கள் என்று கணக்கு வைப்பார் இல்லை. பெரியவர்கள் பாதியில் விட்டுச் சென்ற கிளாஸை எடுத்து ருசி பார்ப்பதில்தான் பல பிள்ளைகளின் குடி தொடங்குகிறது. முனியாண்டிக்குச் சுருட்டும் சாராயமும் வைத்துப் படைக்கும் வழக்கம் நம்மில் உண்டு. படைப்பது அவரவர் நம்பிக்கை. அதில் நாம் தலையிடவில்லை. படையல் முடிந்த பிறகு அந்தப் போத்தல் யார் கைக்குப் போகிறது என்பதையே கேட்கிறோம். "சாமி பிரசாதம், ஒரு சொட்டு" என்று பத்து வயதுப் பிள்ளையின் வாயில் ஊற்றினால், சாமியே கொடுத்ததை அப்பா எப்படி வேண்டாம் என்று சொல்ல முடியும்?

நான்காவது வழி மிகவும் ஆபத்தானது. வரி கட்டாமல் கள்ளத்தனமாக வரும் மது. கடை விலைக்கு வாங்க முடியாதவர்களும் கடையில் வாங்க வயதில்லாதவர்களும் இதனிடம் போகிறார்கள். 2018ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் சிலாங்கூரிலும் சுற்று வட்டாரத்திலும் மெத்தனால் கலந்த மதுவைக் குடித்து முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தது உங்களுக்கு நினைவிருக்கலாம். அவர்களில் பலர் பிழைப்புத் தேடி வந்த வெளிநாட்டுத் தொழிலாளர்கள். மெத்தனால் என்பது தொழிற்சாலைகளில் பயன்படும் ஒரு வகைச் சாராயம். வாசனையாலோ ருசியாலோ அதைப் பிரித்தறிய முடியாது. குடித்த உடனே ஒன்றும் தெரியாது. பல மணி நேரம் கழித்துத்தான் வாந்தியும் வயிற்று வலியும் மூச்சிரைப்பும் வரும், கண் மங்கும். பிழைத்தவர்களில் சிலர் பார்வையை இழந்துவிடுவதும் உண்டு.

இத்தனை வழிகள் இருக்கும்போது எத்தனை பிள்ளைகள் குடிக்கிறார்கள்? சுகாதார அமைச்சு 2017ஆம் ஆண்டில் 13 முதல் 17 வயது வரையிலான மாணவர்களிடம் ஓர் ஆய்வு நடத்தியது. ஏறத்தாழப் பத்தில் ஒருவர், முந்தைய முப்பது நாட்களுக்குள் மது அருந்தியதாகச் சொன்னார்கள். மதுவை மதமே விலக்கியிருக்கும் முஸ்லிம் மாணவர்கள் பெரும்பான்மையாக உள்ள நாட்டில் பத்தில் ஒருவர் என்றால், குடியை விலக்காத நம்மைப் போன்ற வீடுகளில் கணக்கு எப்படி இருக்கும் என்று நாமே யோசித்துக்கொள்ளலாம். இது பையன்களின் கணக்கு மட்டும் என்றும் எண்ண வேண்டாம். பெண் பிள்ளைகளும் இதில் இருக்கிறார்கள்.

"நாங்கள் குடிக்கவில்லையா? எங்களுக்கு என்ன ஆகிவிட்டது?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு இரண்டு செய்திகள். மனிதனின் மூளை பதினெட்டு வயதில் வளர்ந்து முடிந்துவிடுவதில்லை. இருபத்தைந்து வயது வரை அது பக்குவப்பட்டுக்கொண்டே இருக்கிறது. முன்பின் யோசிப்பது, ஆத்திரத்தை அடக்குவது ஆகியவற்றுக்கான பகுதிதான் கடைசியாகப் பக்குவம் அடைகிறது. அந்தப் பகுதி முற்றுவதற்கு முன்பே அதன்மேல் சாராயத்தை ஊற்றுகிறோம். சிறு வயதில் குடிக்கத் தொடங்கியவர்கள் பிற்காலத்தில் குடிக்கு அடிமையாவது அதிகம் என்பதும் பல நாடுகளில் கண்டறியப்பட்ட உண்மை. இன்னொன்று: உலக சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு, மதுபானம் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று 1988ஆம் ஆண்டிலேயே அறிவித்துவிட்டது.

"பீர்தானே, அது என்ன சாராயமா?" என்று கேட்பார்கள். ஒரு சிறு கணக்குப் போடுவோம். 320 மில்லிலிட்டர் பீர் டின் ஒன்றில் நூற்றுக்கு ஐந்து பங்கு சாராயம் என்றால், அதில் 16 மில்லிலிட்டர் சுத்தமான சாராயம் இருக்கிறது. நூற்றுக்கு முப்பத்தைந்து பங்கு உள்ள சம்சுவில் 150 மில்லிலிட்டர் குடித்தால், 52 மில்லிலிட்டருக்கு மேல் உள்ளே போகிறது. அதாவது, ஒரு சிறு போத்தல் சம்சு மூன்று டின் பீருக்கு மேல். திருப்பிச் சொன்னால், மூன்று டின் பீர் குடித்த பையன் கிட்டத்தட்ட ஒரு சிறு போத்தல் சம்சு குடித்தவன். பெயர் வேறு, சரக்கு ஒன்று. கறுப்பு பீர் பிள்ளை பெற்றவளுக்குப் பலம் தரும், மழையில் நனைந்தவனுக்கு ஒரு மடக்கு சூடு தரும் என்பதெல்லாம் காதுவழிச் செய்திகள். குடித்தவுடன் தோல் சூடாகத் தெரியும். உண்மையில் உடம்பின் சூடு வெளியேறிக்கொண்டிருக்கும்.

நேயர்களே, "தமிழன் என்றால் குடிகாரன்" என்று சிலர் பேசுவதைக் கேட்டிருப்பீர்கள். அதைக் கேட்டுத் தலைகுனிய வேண்டியதில்லை. ஆனால் வரலாறு தெரிந்திருக்க வேண்டும். வெள்ளைக்காரர் காலத்தில் தோட்டத்திலேயே உரிமம் பெற்ற கள்ளுக்கடை இருந்தது. பள்ளிக்கூடம் இல்லாத தோட்டம் உண்டு. டாக்டர் வராத தோட்டம் உண்டு. கள்ளுக்கடைக்குக் குறைவில்லை. உழைத்துக் களைத்தவன் வாங்கிய கூலியில் ஒரு பங்கு அந்தக் கடை வழியாகவே திரும்பிப் போனது. குடி நம் இரத்தத்தில் வந்தது அல்ல. பக்கத்தில் கொண்டுவந்து வைக்கப்பட்டது.

நம் முன்னோர் அதைக் கைகட்டிப் பார்த்துக்கொண்டும் இருக்கவில்லை. 1941ஆம் ஆண்டில் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தார்கள். கூலி உயர்வு கேட்டார்கள். துரைமார் முன்னால் சைக்கிளை விட்டு இறங்காமல் போகும் உரிமை கேட்டார்கள். பிள்ளைகளுக்குக் கல்வி கேட்டார்கள். அதே பட்டியலில், கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்றும் கேட்டார்கள். அந்தப் போராட்டத்தில் உயிர்ப்பலியும் நேர்ந்தது. யுத்தம் முடிந்த பிறகு, 1946, 1947ஆம் ஆண்டுகளில், கெடா மாநிலத்தில் பீடோங்கை அடுத்த ஹார்வர்டு தோட்டத்திலிருந்து தொண்டர் படை எழுந்தது. எழுத்தறியாத இளைஞர்களும் அதில் இருந்தார்கள். கள்ளுக்கடை வாசலில் நின்று, உள்ளே போகிறவர்களைத் தடுத்தார்கள். போலீசாரோடு மோத நேர்ந்தபோதும் பின்வாங்கவில்லை.

கள்ளுக்கடையையும் பள்ளிக்கூடத்தையும் ஒரே பட்டியலில் எழுதினார்களே, அதை நினைத்துப் பாருங்கள். ஒன்றை மூடினால்தான் மற்றொன்று பிள்ளைக்குப் பயன்படும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அன்று மறியல் செய்ய ஒரே ஒரு கடைவாசல் இருந்தது. இன்று வாசல்கள் பல. அவற்றில் பாதி நம் கையில் இருக்கிறது.

என்ன செய்யலாம்? பெரிய காரியம் எதுவும் வேண்டாம்.

இன்று இரவு முதல் பிள்ளையை மது வாங்க அனுப்புவதில்லை என்று முடிவு செய்யுங்கள். குடிப்பவர் தாமே போய் வாங்கட்டும். ஊற்றிக் கொடுக்கவும், கிளாஸ் கழுவவும், காலிப் போத்தலை எறியவும் பிள்ளையை ஏவ வேண்டாம்.

அடுத்து, பக்கத்துக் கடைக்காரரைப் பாருங்கள். ஒருவராகப் போனால் சண்டையாகும்; நான்கு தாய்மார்கள் சேர்ந்து போங்கள். "எங்கள் வீட்டிலிருந்து எந்தப் பிள்ளையையும் இனி அனுப்பமாட்டோம். யாராவது வந்து அப்பாவுக்கு என்றால், அது பொய். கொடுக்காதீர்கள்" என்று மரியாதையாகச் சொல்லுங்கள். 'அப்பாவுக்கு' என்ற சாக்கு அந்த நாளோடு செத்துவிடும். சொல்லியும் கேட்காவிட்டால் மாவட்டச் சுகாதார அலுவலகத்தில் புகார் செய்யுங்கள்.

விசேஷம் வைக்கும்போது பிள்ளைகளுக்கு எட்டும் இடத்தில் மது இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இல்லாமலே நடத்திவிட்டால் இன்னும் நல்லது. ஒரு வீடு துணிந்தால் அடுத்த வீட்டுக்கு அது வழியாகும்.

பிள்ளை குடித்துவிட்டு வந்த இரவில் அடிக்காதீர்கள். அடி வாங்கியவன் அடுத்த முறை வீட்டுக்கு வரமாட்டான். வேறு எங்காவது போய் விழுந்து கிடப்பான். மறுநாள் தெளிந்த பிறகு உட்கார வைத்துப் பேசுங்கள். "எங்கே வாங்கினாய், யார் வாங்கிக் கொடுத்தார்?" என்று கேளுங்கள். அந்தப் பதிலில்தான் அடைக்க வேண்டிய வழி இருக்கிறது.

கடைசியாக ஒன்று; இதை மட்டுமாவது மறக்க வேண்டாம். குடித்த பிள்ளை கூப்பிட்டும் எழுந்திருக்கவில்லை என்றால், "தூங்கட்டும், காலையில் சரியாகும்" என்று விட்டுவிடாதீர்கள். மல்லாந்து கிடந்தால் வாந்தி தொண்டையில் அடைத்து உயிர் போகலாம். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். பக்கத்தில் ஆள் இருக்கட்டும். மோரோ காப்பியோ வாயில் ஊற்ற வேண்டாம். உடனே 999க்குத் தொலைபேசி செய்யுங்கள். குடித்த மறுநாள் கண் மங்குகிறது, மூச்சு வாங்குகிறது என்றாலும் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்லுங்கள். நேரத்தோடு போனால் சிகிச்சை உண்டு. ஊரார் என்ன சொல்வார்கள், போலீஸ் வருமோ என்று தயங்க வேண்டாம். மானம் பிறகு தேடிக்கொள்ளலாம். பிள்ளையைத் தேட முடியாது.

எங்கள் அடுக்குமாடிக்குக் கீழே அந்த மளிகைக் கடை இன்றும் இருக்கிறது. நாளை மாலை ஆறரை மணிக்கும் யாராவது ஒரு பையன் பச்சைக் காற்சட்டையோடு அங்கே போய் நிற்பான். அவனை அனுப்பியது நாமாக இருக்கக் கூடாது. அவன் சொல்லும் பதிலை நம்புகிறவர்களாகவும் நாம் இருக்கக் கூடாது.